முன்னுக்கு வந்தவன்

மாடிவீட்டுக்காரி மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"அக்கா, உங்க பையனை ஒரு மாசமா ஆளையே காணோம். இங்க உங்க மருமக யாரோ ஒரு அழகனோட கைகோத்துக்கிட்டு சிரிச்சுச் சிரிச்சுப் போறா!"

மாமியார் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். ராத்திரி இங்கதான் தூங்கினான்."

"ஐயையோ! உங்க பையனுக்குத் தெரிஞ்சா?"

"அவன்தான்டி என் பையன்! தாடை உள்வாங்கி இருந்ததால தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. ஆபரேஷன் பண்ணித் தாடையை முன்னாடி நகர்த்திட்டாங்க, முகமே மாறிடுச்சு. இப்போ குறட்டையும் இல்ல, எங்களுக்குப் பயமும் இல்ல."

மாடிவீட்டுக்காரி மெல்ல நெருங்கி வந்தாள்.

"அக்கா, அந்த டாக்டர் நம்பர் குடுங்க. என் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போகணும்."

"அவர் குறட்டையே விடமாட்டாரேடி!"

"அதை நான் பழக்கிவிட்டுடறேன் அக்கா!"