மாடியை விட்டு இறங்கியவர்

"மைதானத்துக்கு நான் ஒருத்தன் போதும் சார். இல்லேன்னா அவரே பாத்துக்கட்டும், நான் வீட்டுக்குப் போறேன்."

கால்பந்து கிளப் தலைவரின் அறையில் கோச் இதை நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

'அவர்' பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கிளப்பின் டெக்னிக்கல் டைரக்டர். எந்த ஆட்டக்காரரை எடுப்பது, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர். மாடியில் அறை, அங்கேயே உட்கார்ந்து நாள் முழுக்க ஆட்டங்களின் வீடியோ பார்ப்பார். ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மாடிக்காரர்.

மூன்று வாரமாக மாடிக்காரர் கீழே இறங்கிவிட்டார்.

பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போகும் நேரத்தில் ஐந்து பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு, தூரத்து கோல் பக்கம் போய்விடுவார். வெயிலில் முக்கால் மணி நேரம். ஐம்பத்தெட்டு வயதில் அவரே ஓடி ஓடிப் பந்து எடுத்துப் போடுவார்.

அந்த ஐந்து பேரும் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை. அதுதான் கோச்சுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. தனக்கென்று ஒரு கோஷ்டி சேர்க்கிறார் மனுஷன். "உங்க வேலைக்கு ஒத்திகை பாக்கறார் சார்" என்று உதவிக் கோச் சிரித்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஆட்டத்தில் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார். "மேலே ஏறு" என்று கோச் கத்துகிறார். அந்த ஐந்து பேரில் ஒருவன், தடுப்பாட்டக்காரன் ஒட்டடைக்குச்சி, கேலரியில் இருந்த மாடிக்காரரை ஒரு நொடி பார்த்துவிட்டு அப்புறம்தான் ஏறினான். ஆளின் உயரத்தையும் ஒல்லியையும் பார்த்து யாரோ வைத்த பெயர் அது.

தலைவர் மாடிக்காரர் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

கோச் சொல்வது நியாயம்தான் என்றார் மாடிக்காரர். இரண்டு குரல் கேட்டால் ஆட்டக்காரர்கள் குழம்பத்தான் செய்வார்கள். "ஆனா இந்த அஞ்சு பேரை மட்டும் சீசன் முடியற வரைக்கும் எங்கிட்ட விடுங்க."

"ஏன், அந்த அஞ்சு பேர்ல அப்படி என்ன இருக்கு?" என்று கோச் குறுக்கிட்டார்.

மாடிக்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேஜை மேல் இருந்த ஃபைலைப் பார்த்தார்.

"காரணம் கேக்காதீங்க."

"அப்ப என் ஆளுங்களைத் தொடாதீங்க."

கோச் சொல்வதுதான் சரி என்று தலைவர் சட்டென்று முடித்துவிட்டார். இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று கோச்சே எதிர்பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து மாடிக்காரர் இறங்கி வரவில்லை.

ஒட்டடைதான் கோச்சின் அறை வாசலில் வந்து நின்றான். முப்பத்தொரு வயது, மூன்றாவது குழந்தை பிறக்கப் போகிறது, அடுத்த வருஷமும் இடம் நிற்க வேண்டுமே என்ற பயம் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். இத்தனை வருஷத்துல இப்பதான் இடது கால் பந்தை ஒழுங்காத் தொடுது. இன்னும் ஒரு மாசம் அவர்கிட்ட விட்டீங்கன்னா..."

"ஏன், நான் சொல்லிக் குடுத்தா கால் வராதோ?"

அவன் திரும்பிப் போனான். இருபத்தாறு பேரை வைத்துக்கொண்டு ஒருவனுடைய இடது காலோடு மல்லுக்கட்ட நேரம் கிடைக்காது என்பது கோச்சுக்கும் தெரியும். கிடைக்கவும் இல்லை.

இரண்டு மாதம் ஓடியது. சீசனின் கடைசி ஆட்டத்தன்று கேலரியில் மாடிக்காரர் பக்கத்தில் யாரோ ஒரு புது ஆள், நோட்டும் கையுமாக. முதல் பாதியில் ஒட்டடையின் இடது பக்கம் இரண்டு பந்துகள் வந்தன. ஒன்று கோட்டைத் தாண்டி வெளியே போனது. இன்னொன்றை எதிரணிக்காரன் காலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். இடைவேளையில் அந்த ஆள் நோட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை, தலைவரின் அறையிலிருந்து ஒட்டிய கவர் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். யாரையெல்லாம் கிளப்பை விட்டு அனுப்புகிறோம் என்று டைரக்டர் முன்கூட்டியே தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிடுவார். கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள்தான் கவர் கோச்சின் கைக்கு வரும். ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

பிரித்தார். ஐந்து பெயர்கள். அதே ஐந்து பெயர்கள்.

அடியில் மாடிக்காரரின் கையெழுத்து. அதன் கீழே தேதி. மூன்று மாதத்துக்கு முந்தியது. அவர் முதன்முதலாக மைதானத்தில் இறங்கியதற்கு முந்தின நாள்.

கோச் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

"நீங்களே வெட்டிட்டு, அவங்களுக்காக எதுக்கு சார் வெயில்ல நின்னீங்க?"

"இங்க இனிமே இடம் இல்ல. வேற எங்கயாவது எடுத்துக்கிற அளவுக்காவது ஆக்கி அனுப்பலாம்னு பாத்தேன்." மாடிக்காரர் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார். "நேத்து வந்தவர் வேற கிளப்காரர். இடது காலும் ஆடற தடுப்பாட்டக்காரன் வேணும்னார். நான்தான் வரச்சொல்லியிருந்தேன்."

"தலைவருக்கு இது..."

"தெரியும். போறவங்களுக்கு ஏன் மெனக்கெடறீங்கன்னு லிஸ்ட் குடுத்த அன்னைக்கே கேட்டார்."

கோச் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா, எப்படியும் போகப்போறவன்தானேன்னு மறுநாளே அவங்களை பெஞ்சில உக்கார வச்சிருப்பீங்க. பெஞ்சில உக்காந்திருக்கறவனைப் பாக்க எந்த கிளப்காரர் வருவார்?"