சீடரின் குதிகால்

பெரிய வியாழன் சாயங்காலம். இன்றைய பூசையில் பன்னிரண்டு சீடர்களாக உட்காரும் ஊர்க்காரர்களின் பாதங்களைச் சாமியார் கழுவுவார். அவர்களில் ஒருவரான மரியசூசை, முற்றத்துக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். அவர் குதிகால் வெடிப்பில் ஏறிய கரிசல் மண்ணை மனைவி மிக்கேலம்மாள் குத்தவைத்துத் தேய்க்கிறாள். பன்னிரண்டு வீட்டிலும் இந்நேரம் இதே சோலிதான். “சாமியார்தான் கழுவப்போறாவளே!” என்கிறார் அவர். “அவிய ஊத்துத ஒரு செம்புத் தண்ணி இந்தக் கரிசலுக்குக் காணுமா?” ஊக்கால் ஒரு முள்ளை நெம்புகிறாள். அவர் துள்ளுகிறார். “சிலுவை சுமக்க வேண்டிய சீடரு, ஒரு முள்ளுக்கா இந்தக் கத்து கத்துதீங்க?” சிரித்துக்கொண்டே குனிகிறவர் கண்ணில் அவள் பாதம் படுகிறது. அதே கரிசல், இன்னும் ஆழமான வெடிப்பு. “ஏட்டி, ஒங் காலைக் காட்டு.” “ஐயோ, நீங்களா கழுவுதது?” அவள் சேலைக்குள் இழுத்துக்கொள்கிறாள். கோயிலில் முதல் மணி அடிக்கிறது. மரியசூசை அவளிடமிருந்து தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு, கல்லிலிருந்து தரைக்கு இறங்கி உட்காருகிறார்.