மூன்றுமே வெடிக்காது

ஏலக்காய் பொறுக்கும் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, மூன்று ரிவால்வர்களை வரிசையாக எடுத்து வைத்தார் முதலாளி விஜயகுமார்.

"உங்களுக்குத் தோதா ஒண்ண எடுத்துக்கங்கண்ணே. மூணுமே வெடிக்காது. அதனால லைசென்சும் வேணாம்," என்றார். சொல்லும்போது உக்கிரபாண்டியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கிட்டங்கிக்குள் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சல்லடைச் சத்தம் நின்றுபோனது.

போன மாதம் இந்தக் கிட்டங்கியின் பூட்டை உடைத்தவர்கள், காவலுக்கு இருந்தவரின் கையையும் உடைத்துவிட்டு நாலு மூட்டை காயோடு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் சிலமலைக்கு ஆள் அனுப்பி உக்கிரபாண்டியைக் கூட்டிவரச் சொன்னார் விஜயகுமார்.

உக்கிரபாண்டிக்கு ஊரில் மிலிட்டரிக்காரர் என்று பேர். பச்சைப் பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கே ஊர் வைத்துவிட்ட பேர் அது. அந்தப் பேரே பாதிக் காவல் காக்கும், இடுப்பில் ஒரு துப்பாக்கியும் தெரிந்தால் மீதியும் ஆயிற்று என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார்.

உக்கிரபாண்டிக்கும் இந்த வேலை வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் மலையில் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். ஒருநாள் சரிவில் இறங்கினால், மறுநாள் இரண்டு முட்டியும் எழுந்திருக்க விடுவதில்லை. இங்கே உட்கார நாற்காலி உண்டு. தலைக்கு மேல் காற்றாடிகூட உண்டு.

ஆனாலும் மேசையில் கிடந்ததைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

முதலாளியும் சும்மா வாங்கிவிடவில்லை. பல நாள் போனில் தேடி, ஆள் ஆளாக விசாரித்து, கடைசியில் மதுரையில் சினிமாக்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடையில் பிடித்திருக்கிறார். தோட்டா வருகிற காலத்துக்கெல்லாம் முந்தி, கருமருந்தையும் ஈயக் குண்டையும் திணித்துச் சுட்ட ரிவால்வர்களின் நகல்கள். ஒன்று தகர டப்பா மாதிரி லேசு. ஒன்றுக்கு வெள்ளைப் பிடி, ஜிகினா வேலை. அதை இடுப்பில் செருகினால் திருடன் பயப்படமாட்டான், மணமேடைக்கு வழி கேட்பான். மூன்றாவது கறுத்த குழலும் மரப்பிடியும் பித்தளை வளையமுமாக, பார்க்கவே கனமாக இருந்தது.

எதையும் தொடாமல் நின்றார் உக்கிரபாண்டி.

அந்தப் பெண்களில் வேலுத்தாய்க்குத்தான் பொறுக்கவில்லை. அவளும் சிலமலைக்காரி. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இவர் கொடியேற்றி விறைப்பாகச் சல்யூட் அடிப்பதை வருஷா வருஷம் முன்வரிசையில் நின்று பார்க்கிறவள்.

"எங்கண்ணன் கையில போயி வெளாட்டுத் துப்பாக்கியக் குடுக்கிறீகளே மொதலாளி," என்றாள்.

விஜயகுமாரின் முகம் செத்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. எனக்கே கேவலமாத்தான் இருக்கு. ஒண்ணு செய்வோம். பட்டாளத்துலருந்து வரும்போது குடுத்த டிஸ்சார்ஜ் புக்கு இருக்குமில்ல, அத நாளைக்குக் கொண்டாங்க. பட்டாளத்துக்காரருன்னா லைசென்சு வெரசா குடுத்துருவாங்க. நெசத் துப்பாக்கியே வாங்கிருவோம்."

உக்கிரபாண்டி அவசரமாக மேசையை நெருங்கினார்.

"அதெல்லாம் எதுக்கு மொதலாளி. இதே போதும்," என்று சொல்லிக் கறுத்த ரிவால்வரைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டார்.

கிட்டங்கியே உருகிப்போனது. எத்தனையைப் பார்த்த மனுசன், எவ்வளவு தன்மை என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். வேலுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கையிலிருந்ததைப் பார்த்தார். பித்தளை வளையத்தில் யாருடைய விரல் அழுக்கோ படிந்திருந்தது. தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது. வளையத்தில் வாய் வைத்து ஊதி, துண்டின் நுனியைக் கட்டைவிரலில் சுற்றித் துடைத்தார். அப்புறம் குழலின் அடிப்பள்ளம். அப்புறம் உருளையைத் திருப்பித் திருப்பி, கருமருந்து திணிக்கிற ஒவ்வொரு குழியின் வாயும். எங்கே அழுக்குத் தங்கும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

"கையப் பாத்தியா ஆத்தா. பட்டாளத்துல பழகுன கை," என்று வேலுத்தாயிடம் மெதுவாகச் சொன்னார் முதலாளி.

பட்டாளத்தில் பழகிய கைதான், பொய்யில்லை. செகந்திராபாத்தில் பட்டாள அதிகாரிகள் சாப்பிடுகிற மெஸ்ஸில், பட்டாளத்தில் சேராமல் வெறும் சம்பளத்துக்குத் தட்டுக் கழுவிய கை. அந்த மெஸ் சுவரில் அழகுக்காக இதே மாதிரி ஒரு பழைய கருமருந்து ரிவால்வர் மாட்டியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் தட்டையெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு அதையும் இறக்கித் துடைத்து மாட்டச் சொல்வார்கள். வேறு எந்தத் துப்பாக்கியையும் உக்கிரபாண்டி தொட்டதில்லை. அதுவும் வெடிக்காது.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தலையை நிமிர்த்தினார். வேலுத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பக் குனிந்து, பளபளவென்று ஆகிவிட்டிருந்த வளையத்தை முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.