கீறல் விழுந்த காலைப் பாட்டு

அந்த வானொலி நிலையத்தில் இருந்த பழைய இசைத்தட்டுக்குத் தன் கீறலை நினைத்தாலே கூச்சம். தினமும் காலையில் பாட்டின் நடுவே 'டொக்' என்று ஊருக்கே கேட்கும். பாட்டு நாடாவுக்குப் போனது, நாடாவிலிருந்து குறுந்தட்டுக்குப் போனது. கீறலும் விடாமல் கூடவே போனது. கடைசியாக வந்த கணினிதான் அதைச் சுத்தமாகத் துடைத்தது.

"என் மானத்தைக் காப்பாத்திட்டேப்பா," என்றது அலமாரியில் இருந்த இசைத்தட்டு.

மறுநாள் காலையில் பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அலறியது. பங்கஜவல்லி என்ற நேயர்.

"ஏங்க, அந்த டொக்கை என்ன பண்ணீங்க? முப்பது வருஷமா பாட்டு ஆரம்பிச்சதும் தோசை ஊத்துவேன், டொக் கேட்டதும் திருப்புவேன். இன்னிக்குக் கருகிப்போச்சு!"

அடுத்த அழைப்பிலும் கருகிய தோசைதான்.

கணினி இசைத்தட்டிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது: "அக்கா, அந்தக் கீறலைத் திரும்பத் தர்றீங்களா?"

அறிவிப்பாளர் தட்டைத் துடைத்துச் சுழலவிட்டு முள்ளை வைத்தார். கீறல் நெருங்கியது. இந்த முறை இசைத்தட்டு கூசவில்லை.

"இத்தனை வருஷமும் என்னை நம்பியா கரண்டியோட நின்னே, தாயீ? நல்லா இரு," என்று வாழ்த்திவிட்டு, 'டொக்' என்று ஒரு குதி குதித்தது.