தன் குரல் கேட்காத செல்

"இந்தப் பேப்பரைத் தூக்கிக் குப்பையில போடப்போறேன்" என்றார் புரொபசர்.

மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த மாணவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்று, பெயர்களை அழித்துவிட்டு, ஒரு கட்டுரையை அவருடைய தீர்ப்புக்கு அனுப்பியிருந்தது. எழுதியது யாரென்று படிப்பவருக்குத் தெரியாது. தீர்ப்புச் சொன்னது யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. இந்த வசதி இருக்கிற தைரியத்தில் புரொபசர் இதுவரை யாரையும் உயிரோடு விட்டதில்லை.

"அப்படி என்ன சார் எழுதியிருக்கு?"

"மீன் கருவுல ஒரு செல் சேதி அனுப்புதாம். அந்தச் சேதியை அதுவே வாங்கிக்குதாம். தன் குரலைத் தானே கேட்டாத்தான் இதயமா மாறுமாம், இல்லேன்னா வெறும் சதையா நின்னுடுமாம். யார் காதுல பூ சுத்தறான்?"

மாணவி பக்கங்களைப் புரட்டினாள். அவளுடைய கட்டுரையும் இந்நேரம் யாரோ ஒரு புரொபசரின் மேஜையில்தான் கிடந்தது. அது தேறினால்தான் பட்டம். ஐந்து வருடமாக "எப்பம்மா முடிப்பே?" என்று கேட்கிற அப்பாவுக்கும் அப்போதுதான் பதில்.

"நானூறு கருவைப் பார்த்திருக்காங்க சார். ஒவ்வொண்ணும் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே. கழுத்து ஒடிஞ்சிருக்கும்."

"உனக்கென்ன அவ்வளவு அக்கறை? எழுதினவன் உன் சித்தப்பா பிள்ளையா?"

"பாவமா இருக்கு சார்."

புரொபசர் மசியவில்லை. சேதி போகிற வழியை அடைத்துப் பார்த்தார்களா என்று கேட்டார். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்றாள். பக்கத்து செல்லிடமிருந்து சேதி வந்திருந்தால் என்றார். அதற்கும் ஒரு படம் இருந்தது. அவர் கேட்கக் கேட்க அவள் விரல் வைத்துக் காட்டினாள். டீ ஆறிப்போக, இன்னொன்று போட்டுக் கொண்டுவந்தாள்.

"சரி, போகட்டும். உனக்காக விட்டுடறேன்" என்றார் கடைசியில். "ஆனா மூணாவது படமும் ஏழாவது படமும் இடம் மாறிக் கிடக்கு பார். வழிகாட்டின்னு மேல இருக்கிறவன் ஒரு தடவை பார்த்திருந்தா இப்படி ஆகுமா?"

மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

'வேலை செய்தவர் கெட்டிக்காரர். ஏற்கலாம். ஆனால் இவருடைய வழிகாட்டி இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூடப் படித்ததாகத் தெரியவில்லை' என்று தட்டி அனுப்பினார். எல்லோருக்கும் அவர் எழுதுகிற வரிதான் அது. அனுப்பியதும் நெஞ்சு நிறைந்து ஒரு பிஸ்கெட் எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டே ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

"உன் பேப்பரை, அதாவது நம்ம பேப்பரை, ஏத்துக்கிட்டாங்கம்மா."

மாணவிக்குக் கண் கலங்கியது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆமா, அது எதைப் பத்தினது? துடுப்புதானே?"

"இதயம் சார். துடுப்பு எனக்கு முன்னாடி இருந்த அக்காவோடது."

"ஏதோ ஒண்ணு. நான் கையெழுத்துப் போட்டேன்ல, அது போதும். ஆனா தீர்ப்புச் சொன்னவன் எழுதியிருக்கிறதைப் படி, என்ன திமிர் பார்" என்று கடைசி வரியில் விரலை வைத்தார்.

'இவருடைய வழிகாட்டி இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூடப் படித்ததாகத் தெரியவில்லை.'

மாணவி சட்டென்று எழுந்து போய், மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன்" என்றார் புரொபசர். "இருக்கட்டும். என்னைக்காவது ஒருநாள் அவன் பேப்பரும் பேரில்லாம என் மேஜைக்கு வராமலா போயிடும்? அன்னைக்கு நீ குறுக்கே வந்தாலும் நான் விடமாட்டேன்."