சம்பந்தி ஊர் நாவல்

முதல் வரியிலேயே சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள்.

பழக்க தோஷம்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் பிழையைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. இந்தப் பக்கத்திலோ பிழையைத் தவிர வேறொன்றும் இல்லை. பாதிச் சொற்களுக்கு வால் இல்லை. மீதிச் சொற்கள் அகராதியிலேயே இல்லை.

இப்படியும் ஒரு இங்கிலீஷா?

ஸ்காட்லாந்து நாவல். கடலோரத்து மீன்பிடி ஊர் ஒன்றின் கதை. அந்த ஊர்க்காரர்கள் வாயில் வருகிறபடியே அச்சில். மகன் இசக்கிராஜ் அங்கே அபர்டீனிலிருந்து அனுப்பியது. அவள்தான் கேட்டு வாங்கினாள்.

"பொழுது போகணும்லா" என்று காரணம் சொல்லியிருந்தாள்.

பொய்.

உண்மையான காரணத்தின் பெயர் மோய்ரா. மருமகளின் அம்மா. அதே மாதிரி ஒரு மீன்பிடி ஊர்க்காரர்.

தை மாதம் திருநெல்வேலியில் கல்யாண வரவேற்பு. மோய்ரா வருகிறார். போன மாதம் வீடியோவில் பேசினார். பேசினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சரளைக்கல் லாரியைக் கவிழ்த்தது போல இருந்தது. தெருவே இங்கிலீஷ் டீச்சர் என்று கும்பிடுகிற அவளுக்கு ஒரு வரி பிடிபடவில்லை.

இதை மகனிடம் சொல்ல முடியுமா? மானம் போகாதா?

கடைசியில் மோய்ரா எதையோ கேட்டார். கேள்வி என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

எதுவானால் என்ன, சம்பந்தி கேட்டு இல்லை என்பதா? சிரித்தபடி தலையை ஆட்டினாள். சரி என்பதற்கு நம் ஊர்த் தலையாட்டல். இடமும் வலமுமாக, தாராளமாக.

மறுநாள் மகனிடமிருந்து போன். மோய்ரா அத்தை ஓட்டலில் அறை போட்டுவிட்டாராம்.

மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறது. சம்பந்தி ஓட்டலிலா? தெருவில் யார் முகத்தில் விழிப்பது? இந்த வீட்டில் அப்படி என்ன குறை கண்டார்?

மோய்ரா அன்றைக்கு என்னதான் சொன்னார்?

அது தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தப் புத்தகம்.

மறுபடி முதல் வரி. மறுபடி சுவர்.

எதிரே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிச்சையா நிமிர்ந்தார். கட்டியவர்.

"ஏட்டி, என்னத்த மனசுக்குள்ளயே முனங்குத? சத்தமா வாசி. வெளிநாட்டுக் கதைய நானும் கேப்பேம்லா."

எரிச்சலில்தான் வாயைத் திறந்தாள்.

ஒரு வரி. உளறல்.

இரண்டாம் வரி. நாக்கு இடறியது. நிறுத்தவில்லை. தெரியாத சொல்லைத் தாண்டிப் போனாள்.

மூன்றாம் வரியில் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

தன் வாயிலிருந்து மோய்ரா பேசுகிறார்!

அதே இழுப்பு. அதே உருட்டல். பக்கத்தில் சிதறிக் கிடந்த எழுத்தெல்லாம் காதுக்குள் போனதும் ஆள் ஆளாக எழுந்து நின்றது. இது பிழை இல்லை. பேச்சு. வகுப்பில் 'ஏலே' என்றவனை பெஞ்சில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் பேசுகிற மாதிரி ஒரு பேச்சு.

பேனாவை மூடினாள்.

பக்கம் புரண்டது. இன்னொன்று. குரல் ஏறியது. பிச்சையாவின் கையில் வெங்காயம் அப்படியே நின்றது.

கதையில் மழை. நனைந்த பெட்டியோடு ஒருத்தி ஊருக்குள் வருகிறாள். ஒரு கதவைத் தட்டுகிறாள். ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்.

அந்தக் கேள்வியை இரண்டாம் தரம் வாசித்தாள்.

இதே சொற்கள். இதே ஏற்றம். மோய்ரா கடைசியாகக் கேட்டது இதுதான்!

அர்த்தம்? வேகமாக அடுத்த வரிக்குப் பாய்ந்தாள்.

வீட்டுக்காரி இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினாள். கதவு சாத்தப்பட்டது.

அடுத்த வீடு. அதே கேள்வி. அங்கே ஒரு கிழவி அவள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அடுப்பில் கெட்டிலை ஏற்றினாள். படுக்கை விரித்தாள்.

உங்க வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா?

அவ்வளவுதான் கேள்வி.

புத்தகம் மடியில் விழுந்தது.

இங்கிலீஷ்காரர்களுக்கு இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினால் மறுப்பு என்று அர்த்தம். எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் அவள்! அன்றைக்கு வீடியோவில், ஒரு மூலையில், சின்னக் கட்டத்துக்குள் தன் தலை ஆடிய ஆட்டம் கண்முன் வந்தது. இடம். வலம். இடம். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

ஓட்டலுக்கு விரட்டியது யார்?

போனை எடுத்தாள்.

மோய்ராவின் முகம் வந்தது. மரியாதையான, தள்ளி நிற்கிற சிரிப்பு.

அவள் தன் இங்கிலீஷைத் தொடவில்லை. மடியிலிருந்த பக்கத்தைப் பார்த்து, அந்தக் கிழவி கதவைத் திறந்து 'உள்ளே வா, இது உன் வீடு' என்று சொன்னதை, கிழவி சொன்ன மாதிரியே உருட்டிச் சொன்னாள்.

மோய்ராவின் கை மெல்ல வாய்க்குப் போனது.

பிறகு கேட்டார். அதே கேள்வி. நம்ப முடியாதவர் போல, தாழ்ந்த குரலில்.

அவள் இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தை நம்ப முடியாது.

மேலே. கீழே. மேலே. கீழே.

மோய்ராவின் கண் பளபளத்தது.

அதற்குள் வெங்காயக் கையோடு பிச்சையா ஓடிவந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "சம்பந்தியம்மாவா? நம்ம வீட்டுக்குத்தான் வரணும்னு சொல்லு!"

சொல்லிவிட்டு, வாயெல்லாம் பல்லாக, பலமாகத் தலையை ஆட்டத் தொடங்கினார்.

இடம். வலம்.

அவள் புத்தகத்தைத் தூக்கி அவர் முகத்தை மறைத்தாள்.