பாய்லர் என்று சொல்ல வேண்டிய இடம்

14-3-2008, வெள்ளி. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வகுப்பு நாடக ஒத்திகையில் வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. செம்பியனை மூன்று முறை திருத்தினேன், திருத்தியிருக்கக் கூடாது.

"சொல்லுடா, ஏன்டா சாவடிச்ச?" பக்கிரி அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். சிதம்பரம் மாலைக் கல்லூரியின் சுண்ணாம்பு இருவர் தலையிலும் உதிர்ந்தது.

"பக்கிரி, மெதுவா! இது அமெரிக்க நாடகப் பேப்பர்ப்பா, கொல கேஸ் இல்ல" என்றார் பாடம் எடுக்கும் ஜான்சி மேடம்.

நாடகத்தில் செம்பியன் முதலாளி. பாய்லர் வெடித்து அண்ணனைப் பறிகொடுத்த தொழிலாளி, பக்கிரி. அவனுடைய சொந்த அண்ணனும் போன வருடம் கடலூரில் ஒரு கம்பெனியில் ஆசிட் கொட்டிச் செத்தார். குடித்துவிட்டு வேலை பார்த்தார் என்று கம்பெனி ரிப்போர்ட் எழுதிக் கேஸை மூடிவிட்டார்கள். அந்தப் பேரைத் துடைக்காமல் அண்ணன் படத்துக்கு மாலை போடமாட்டேன் என்று இருக்கிறான் பக்கிரி.

செம்பியனும் பகலில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். வகுப்புக்குள் நுழையும் முன் ஐடி கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான்.

பக்கிரி ஓங்கி விட்ட அறையில் செம்பியனின் உதடு கிழிந்தது. ரத்தம் சட்டையில் சொட்டியது.

"வால்வு லீக்குன்னு தெரியும்" என்றான்.

"பாய்லர், மச்சான்" என்றேன். "'பாய்லர் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.'"

"ரெண்டு நாளு முன்னாடியே வந்து சொன்னாங்க."

"அப்படி ஒரு வரியே இல்லடா!"

வகுப்பு சிரித்தது. "கம்பெனிய வீட்டுலயே வுட்டுட்டு வாப்பா" என்றார் மேடம்.

நான் விரலால் வரியைத் தொட்டுப் படித்தேன். "'அவன் குடிச்சிருந்தான்.' இத சொல்லு."

"அவரு குடிக்கல."

"குடிச்சிருந்தான், மச்சான். பக்கம் பதினாலு."

செம்பியன் என் நோட்டைத் தட்டிவிட்டான். பக்கிரியின் கை அவன் கழுத்திலேயே இருந்தது. இறுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"ஒங்க அண்ணன் குடிக்கல, பக்கிரி. அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவன் நான்தான்."

நாளை: காலை ஏழரை பஸ்ஸில் பக்கிரியோடு கடலூர் போக வேண்டும். செம்பியன் வராவிட்டாலும், நான் திருத்திய மூன்று வரிகளையும் போலீஸ் ஸ்டேஷனில் அவன் சொன்னபடியே எழுதிக் கொடுக்க வேண்டும்.